காம்பாக்ட் எஸ்யூவியின் மைலேஜும் ஓட்டச் செலவும்: முதல் முறை வாங்குவோருக்கான வழிகாட்டி

புதிய கார் வாசலில் வந்து நின்றதும் பக்கத்து வீட்டுக்காரரும் ஊரிலிருந்து வந்த மாமாவும் கேட்கும் முதல் கேள்வி, "வண்டி எவ்வளவு கொடுக்குது?" என்பதுதான். முதல் முறை கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஷோரூமில் சொன்ன எண்ணையோ டேஷ்போர்டுத் திரை காட்டும் எண்ணையோ திருப்பிச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே அவர்களுடைய வண்டியின் உண்மையான மைலேஜ் அல்ல. மைலேஜ் சரியாகத் தெரிந்தாலும், வண்டி வைத்திருக்க ஆகும் மொத்தச் செலவில் அது சொல்வது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கதையைத்தான். நான்கு மீட்டருக்குள் அடங்கும் காம்பாக்ட் எஸ்யூவியைத் தமிழ்நாட்டில் வாங்க நினைப்பவரோ, வாங்கி ஓரிரு மாதம் ஆனவரோ, தம் வண்டிக்கு ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளும் முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: அறிவிக்கப்பட்ட எண்ணை வாசிக்கக் கற்பது

விளம்பரத்தில் பொடி எழுத்தில் வரும் மைலேஜ், புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையங்களில் எடுக்கப்படுவது. நம் சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் இத்தகைய அரசு நிலையம் ஒன்று இருக்கிறது. சோதனையின்போது வண்டி சாலையில் ஓடுவதில்லை. சுழலும் உருளைகளின் மேல் நிற்க, அதன் சக்கரங்கள் மட்டும் ஓடுகின்றன. சுமார் 20 நிமிடம், அதாவது 1,180 விநாடிகள் நடக்கும் அந்த ஓட்டத்தில் கடக்கும் தூரம் பத்தரைக் கிலோமீட்டர் அளவுதான். உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ.யைத் தாண்டுவதில்லை. ஏசி ஓடாது, மேடு பள்ளம் கிடையாது, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோவும் கிடையாது. ஆகவே அந்த எண் பொய்யில்லை; ஒரே தேர்வை எல்லா வண்டிகளும் எழுதுவதால் இரண்டு மாடல்களை ஒப்பிட அது உதவும். மாதப் பட்ஜெட் போடத்தான் அது உதவாது.

நான் கைக்கணக்காக வைத்திருக்கும் விகிதம் எளியது. ஏசி போட்டு நகருக்குள் ஓட்டினால் அறிவிக்கப்பட்ட எண்ணில் மூன்றில் இரண்டு பங்கும், நெடுஞ்சாலையில் நிதானமாக ஓட்டினால் ஐந்தில் நான்கு பங்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாம். நெக்ஸான் டீசல் மேனுவலுக்கு அறிவிக்கப்பட்ட எண் லிட்டருக்கு 23.23 கி.மீ. என்றால், நகரில் 15, 16 கிடைத்தாலே குறை சொல்வதற்கில்லை. சர்வீஸ் சென்டரில் "மைலேஜ் வரவில்லை" என்று நிற்கும் புதியவர்களில் பலருடைய வண்டி நன்றாகத்தான் இருக்கும். எதிர்பார்ப்பை வைத்த இடம்தான் தவறியிருக்கும்.

ஹாட்ச்பேக்கிலிருந்து எஸ்யூவிக்கு மாறுகிறவர்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே நிறுவனத்தின் ஸ்விஃப்ட் மேனுவலுக்கு அறிவிக்கப்பட்டது லிட்டருக்கு 24.8 கி.மீ.; பிரெஸ்ஸா பெட்ரோலுக்கோ அது 20-ஐத் தாண்டவில்லை. பிரெஸ்ஸாவின் இன்ஜின் பெரிது, எடையும் கூடுதல், உயரமும் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் அதிகம். உயர்ந்து அகன்ற முகப்பு எதிர்க்காற்றைக் கூடுதலாகத் தள்ளியாக வேண்டும். பள்ளத்தில் அடி தட்டாத நிம்மதிக்கும், உயரத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்க்கும் சுகத்துக்கும் ஒவ்வொரு லிட்டரிலும் கொஞ்சம் விலை கொடுக்கிறோம்.

இரண்டாம் படி: டேங்க் முதல் டேங்க் வரை

சொந்த வண்டியின் மைலேஜை அறிய நம்பகமான வழி, டேங்கை இரண்டு முறை முழுமையாக நிரப்பிக் கணக்கிடுவதுதான். பங்க்கில் "ஃபுல் டேங்க்" என்று சொல்லி, குழாய் முதல் முறை தானாகக் கட் ஆன இடத்தில் நிறுத்திவிடச் சொல்லுங்கள். ரூபாயை முழுமையாக்குவதற்காக மேலும் மேலும் அழுத்தி ஊற்றுவது கணக்கைக் கெடுப்பதோடு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் பாகத்துக்கும் கேடு. அங்கேயே டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல ஓட்டி, டேங்க் கால் பங்குக்கு வந்தபின், முடிந்தால் அதே பங்க்கில், அதே குழாயில், மறுபடியும் முதல் கட் வரை நிரப்புங்கள். டிரிப் மீட்டர் 512 கி.மீ. காட்டி, இரண்டாம் முறை 38.4 லிட்டர் பிடித்தது என்றால், 512-ஐ 38.4-ஆல் வகுக்க வருவது 13.3. அதுதான் உங்கள் மைலேஜ்.

ஒரு டேங்க்கை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். குழாய் கட் ஆகும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். வண்டி நிற்கும் தரையின் சாய்வுகூட ஓரிரு லிட்டர் வித்தியாசம் காட்டும். நான்கைந்து முறை நிரப்பிய பின், மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் இந்தப் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். தனித்தனி மைலேஜ்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது வேறு விடையைத் தரும் என்பதால் அப்படிச் செய்ய வேண்டாம். "ஐந்நூறுக்குப் போடுங்க" என்று ரூபாய்க் கணக்கில் நிரப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் கைகூடாது. மாதத்தில் ஒரு முறையாவது டேங்கை நிரப்பித்தான் ஆக வேண்டும்.

டேஷ்போர்டுத் திரையின் எண் பெரும்பாலும் கூட்டியே காட்டும். என் வண்டியில் திரை 14.6 என்று காட்டிய மாதத்தில் கைக்கணக்கு 13.5 வந்தது. இந்த விகிதம் ஒவ்வொரு வண்டியிலும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும் என்பதால், ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் பிறகு திரையைப் பார்த்தே மனத்துக்குள் கழித்துக்கொள்ளலாம். புதிய வண்டியில் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்களின் கணக்கையும் இறுதியானது என்று கொள்ள வேண்டாம். இன்ஜினும் டயரும் பழகப் பழக எண் சற்று ஏறும்.

பங்க்கில் ஊழியர் "ஜீரோ பார்த்துக்குங்க சார்" என்று சொல்லும்போது உண்மையிலேயே பாருங்கள். அளவில் சந்தேகம் வந்தால், ஒவ்வொரு பங்க்கிலும் வைத்திருக்க வேண்டிய முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக்கலத்தில் ஊற்றிக் காட்டும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; ஐந்து லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அது தவறு. விடியற்காலையில் நிரப்பினால் கூடுதலாகக் கிடைக்கும் என்ற பேச்சை நம்பி அலாரம் வைக்க வேண்டாம். எரிபொருள் தரைக்கு அடியில் இருப்பதால் அதன் வெப்பநிலை காலைக்கும் மாலைக்கும் பெரிதாக மாறுவதில்லை.

மூன்றாம் படி: மைலேஜை ரூபாயாக மாற்றுவது

லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்ற அளவையில் ஒரு கண்கட்டு இருக்கிறது. 12-லிருந்து 14-க்கு ஏறுவதும் 18-லிருந்து 20-க்கு ஏறுவதும் ஒரே இரண்டு கி.மீ. முன்னேற்றமாகத் தெரியும். ஆயிரம் கி.மீ. ஓட்டினால் முன்னதில் மிச்சமாவது ஏறத்தாழ 12 லிட்டர். பின்னதில் ஐந்தரை லிட்டர்தான். ஐரோப்பியர்கள் நூறு கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுவதால் இந்தத் தடுமாற்றம் அவர்களுக்கு இல்லை. குறைந்த மைலேஜ் தரும் வண்டியைக் கொஞ்சம் திருத்துவதில் கிடைக்கும் பணம், ஏற்கெனவே நன்றாகத் தருகிற வண்டியை இன்னும் கசக்குவதில் கிடைக்காது. நகருக்குள் லிட்டருக்குப் பத்தரைக் கி.மீ.க்கு இறங்கிவிட்ட ஆட்டோமேட்டிக் டர்போ பெட்ரோல் வண்டிக்காரருக்குத்தான் அடுத்த படியில் வரும் ஓட்டும் முறை அதிகம் பயன்படும்.

லிட்டர் விலையை மைலேஜால் வகுத்தால் கி.மீ.க்கான எரிபொருள் செலவு கிடைக்கும். கணக்குக்காக பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50, சிஎன்ஜி என்ற அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு கிலோ 91 என்று வைத்துக்கொள்வோம். 2017 ஜூனிலிருந்து பெட்ரோல், டீசல் விலை நாள்தோறும் மாறக்கூடியது என்பதால் உங்கள் ஊரின் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளூரும் வெளியூரும் கலந்த ஓட்டத்தில் பெட்ரோல் 14, டீசல் 18, சிஎன்ஜி கிலோவுக்கு 20 தருவதாகக் கொண்டால், கி.மீ.க்கு முறையே 7.21, 5.14, 4.55 ரூபாய் ஆகிறது.

டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இடையே கி.மீ.க்கு 2.07 ரூபாய் வித்தியாசம் பெரிதாகத்தான் தோன்றும். ஒரே வண்டியின் டீசல் வகைக்கு ஆன்-ரோடு விலை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்தது) ஒன்றரை லட்சம் கூடுதல் என்றால், அந்தப் பணத்தை மீட்க 72,000 கி.மீ.க்கு மேல் ஓட வேண்டும். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடும் குடும்பத்துக்கு அது ஆறு ஆண்டு. இதற்கு மேல், 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் சூடேறித் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சீரான ஓட்டம் தேவை. தினமும் மூன்று கி.மீ. தள்ளியுள்ள பள்ளிக்கும் காய்கறிச் சந்தைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும்; செலவும் வைக்கும். பல மாடல்களில் புகையைச் சுத்தப்படுத்தும் டிஇஎஃப் என்ற திரவத்தையும் அவ்வப்போது ஊற்ற வேண்டும். மாதம் 1,500 கி.மீ.க்குக் குறைவாக ஓட்டுபவருக்கு டீசலை நான் பரிந்துரைப்பதில்லை.

சிஎன்ஜி கணக்கில் எல்லாவற்றையும் வெல்கிறது. பிரெஸ்ஸா சிஎன்ஜிக்கு அறிவிக்கப்பட்ட எண் கிலோவுக்கு 25.51 கி.மீ. ஆனால் உங்கள் வழக்கமான வழியில் நிரப்பும் நிலையம் இருக்கிறதா, அங்கே வரிசை எவ்வளவு நீளம் என்பதை ஒரு சனிக்கிழமை மாலை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டிக்கியின் இடம் பல மாடல்களில் சிலிண்டருக்குப் போய்விடும். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்கும் உட்படுத்த வேண்டும்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது மைலேஜைக் குறைக்கிறதா என்று பலரும் கேட்கிறார்கள். குறைக்கும். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எனவே இ20 கலவையில் சுத்தமான பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் ஆற்றல் குறைவு. இ20-க்கென்றே டியூன் செய்யப்பட்ட இன்ஜின் இதில் ஒரு பகுதியை ஈடுகட்டிக்கொள்ளும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இ20 என்று ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

நான்காம் படி: ஓட்டும் முறை

மிச்சத்துக்கான ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஓரிரு சதவீத ஆதாயம்தான் தருபவை. வேகம், டயர்க் காற்று, குறுந்தூர ஓட்டம் ஆகிய மூன்றும்தான் உண்மையில் கையில் காசு நிற்க வைப்பவை.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடி விகிதத்தில் ஏறும். மணிக்கு 80 கி.மீ.யில் போகும்போது இருக்கும் எதிர்ப்பு, 100-இல் 56 சதவீதம் கூடும்; 120-இல் இரண்டேகால் மடங்காகும். சென்னையிலிருந்து திருச்சி ஏறத்தாழ 320 கி.மீ. 80-இல் சீராகப் போனால் நான்கு மணி நேரம், 100-இல் போனால் 3 மணி 12 நிமிடம். முதல் வேகத்தில் லிட்டருக்கு 18-உம் இரண்டாவதில் 15-உம் கிடைப்பதாகக் கொண்டால், 48 நிமிடத்தை மிச்சப்படுத்த மூன்றரை லிட்டர், அதாவது சுமார் 360 ரூபாய் கொடுக்கிறீர்கள். சுங்கச்சாவடி வரிசையும் தாம்பரம் நெரிசலும் அந்த 48 நிமிடத்தில் பாதியைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. கொடுப்பதும் கொடாததும் உங்கள் விருப்பம். விலை தெரிந்து கொடுத்தால் போதும். கூரையில் லக்கேஜ் கேரியர் மாட்டியிருந்தால் இந்தச் செலவு இன்னும் ஏறும் என்பதால், பயணம் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் எல்லா வண்டிக்கும் வழக்கமாக அடிக்கும் அளவை ஏற்காமல், ஸ்டிக்கரில் உள்ளதைச் சொல்லுங்கள். ஐந்து பேரும் சாமானுமாகப் போகும்போது அதற்கான தனி அளவும் அங்கேயே இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வண்டி இரண்டு மூன்று கி.மீ.க்கு மேல் ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரியான அளவு. காற்று குறைந்த டயர் பெட்ரோலையும் தின்னும். ஓரங்களில் தேய்ந்து தானும் சீக்கிரம் போகும்.

குளிர்ந்த இன்ஜின் கூடுதலாகக் குடிக்கும். தெருமுனைக் கடைக்குத் தனியாகவும், பிள்ளையை டியூஷனில் விடத் தனியாகவும், மருந்து வாங்கத் தனியாகவும் எடுப்பதைவிட மூன்றையும் ஒரே சுற்றில் முடிப்பது மைலேஜை வெளிப்படையாக உயர்த்தும். ஏசி போட்டு நின்றபடி ஓடும் இன்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கலாம் என்பதால், ரயில்வே கேட்டிலும் பள்ளி வாசலிலும் அணைத்துவிடுவதே மேல்.

கோத்தகிரியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவோர் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜின்களில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முற்றிலுமாக நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்கத் தொடர்ந்து குடிக்கும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் ஆபத்தும் அதில்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது பாதுகாப்புக்கும் பெட்ரோலுக்கும் ஒருசேரப் பொருந்துகிறது.

ஐந்தாம் படி: பெட்ரோல் அல்லாத செலவுகள்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட ஆயுள் வரி விகிதப்படி, வண்டியின் விலை 5 முதல் 10 லட்சத்துக்குள் இருந்தால் 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். காம்பாக்ட் எஸ்யூவிகளில் பல வகைகளின் விலை இந்தப் பத்து லட்சக் கோட்டின் இருபுறமும் நிற்கிறது என்பதால் இதைக் கவனிக்காமல் வேரியன்ட் தேர்ந்தெடுக்கக் கூடாது. 9.8 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி 1,27,400, 10.2 லட்ச ரூபாய் வண்டிக்கு 1,83,600. நாற்பதாயிரம் விலை கூடுதலான சன்ரூஃப் வகைக்கு வரியிலேயே இன்னும் 56,200 போகிறது. ஜிஎஸ்டியிலும் இப்படியொரு கோடு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் 1,200 சிசி வரையுள்ள பெட்ரோல் வண்டிக்கும் 1,500 சிசி வரையுள்ள டீசல் வண்டிக்கும் 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 40. இது விலையிலேயே சேர்ந்து வருவதால் தனியாகக் கட்ட வேண்டியதில்லை.

இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் கட்டணம் எல்லா நிறுவனத்திலும் ஒன்றே. 2022-இல் அறிவித்தபடி 1,000 முதல் 1,500 சிசி வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897. இந்த வகை வண்டிகளின் இன்ஜின்கள் 1,462, 1,497 சிசி என்று 1,500-க்குக் கீழே நிற்பதால் உங்களுக்கு இந்த லாபமும் சேர்கிறது. பேரம் பேசக்கூடியது சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியை மட்டும்தான். ஷோரூமில் தரும் தொகையை அப்படியே ஏற்காமல் வெளியே இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள். கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்கான தள்ளுபடி 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாண்டில் 50 வரை ஏறும் என்பதால், மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்க் கீறலுக்குக் கிளெய்ம் போட்டு அந்த ஏணியிலிருந்து இறங்குவது பெரும்பாலும் நட்டம்.

அடிக்கடி தேசிய நெடுஞ்சாலையில் போவோர், 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸைக் கணக்கில் சேர்க்கலாம். அறிமுகமானபோது அதன் விலை 3,000 ரூபாய். ஓராண்டு அல்லது 200 கடப்பு, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். மாநிலச் சுங்கச்சாவடிகளுக்குச் செல்லாது. சர்வீஸைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: அட்டவணைப் புத்தகத்தில் இல்லாத இன்ஜின் கோட்டிங், எரிபொருள் சேர்க்கை, உள்சுத்திகரிப்பு என்று பில்லில் ஏறுபவற்றை வண்டியை விடும்போதே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுவது

ஆன்-ரோடு 12 லட்சம் ரூபாய்க்கு வாங்கி, ஐந்தாண்டில் 60,000 கி.மீ. ஓட்டி, 6 லட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தேய்மானம் மட்டும் கி.மீ.க்கு 10 ரூபாய். 8 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டில் அடைத்தால் தவணை சுமார் 16,600. மொத்த வட்டி 1.96 லட்சம், கி.மீ.க்கு 3.27. இன்சூரன்ஸ் சராசரியாக ஆண்டுக்கு 25,000 என்றால் 2.08. சர்வீஸ் ஆண்டுக்கு 8,000 என்றால் 0.67. நான்கு டயர் 32,000 ரூபாய்க்கு வாங்கி 40,000 கி.மீ. ஓடினால் 0.80. பெட்ரோல் 7.21. கூட்டினால் கி.மீ.க்கு 24 ரூபாய். இதில் பெட்ரோலின் பங்கு 30 சதவீதம். தவணை குறைகிறதே என்று அதே கடனை ஏழாண்டாக நீட்டினால், மாதம் 12,900-க்குள் வரும்; மொத்த வட்டியோ 2.8 லட்சத்தைத் தாண்டும். அந்த 85,000 ரூபாய், இந்த வண்டி ஏறத்தாழ ஓராண்டு குடிக்கும் பெட்ரோலுக்குச் சமம்.

இதே வண்டி ஆண்டுக்கு 6,000 கி.மீ. மட்டும் ஓடினால் பெட்ரோலும் டயரும் கி.மீ. கணக்கில் மாறாது. தேய்மானம், வட்டி, இன்சூரன்ஸ் ஆகியவை ஏறத்தாழ இருமடங்காகி, மொத்தம் 40 ரூபாயை நெருங்கும். அப்படிப்பட்டவர்கள் முன்பணம் கட்டும் முன், கடந்த மூன்று மாதத்தில் தம் வீட்டார் எங்கெங்கே போனார்கள், அதற்குக் கால் டாக்சியில் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அதே தாளின் மறுபக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் வண்டி வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். வாங்கிய அன்றே கையுறைப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டைப் போட்டு, தேதி, ஓடோமீட்டர், லிட்டர், ரூபாய் என்று நான்கு கோடு கிழித்து வைத்துவிடுங்கள்.